மூட்டையில் நின்ற மயிலையான்

காரமடை
16-3-2025

ஏனுங் கண்ணு நித்யா, நல்லா இருக்கறயா? வேளைக்குச் சாப்படறயா, இல்ல அந்த ஹாஸ்டல்காரி ஊத்தற தண்ணிச் சாம்பாரக் குடிச்சுட்டுக் கெடக்கறயா? இங்க நானும் உங்கத்தையும் சொகம். மாடு கன்னும் சொகம். என்ற காதுதான் இன்னும் மந்தமாயிருச்சு. போனக் காதுல வெச்சா வண்டு பறக்கறாப்ல கொர்ருங்குது. அதுனால நான் சொல்லச் சொல்ல உங்கத்தை ராசாத்தா எழுதறா. 'சுத்தி வளைக்காம விசயத்துக்கு வாங்க'ன்னு இப்பவே மொறைக்கறா. மாட்டுத் தரகுக்காரன் சுத்தி வளைக்காம எப்படிப் பேசறது?

தேர் நோம்பிக்குப் போயிருந்தோம். உன்ற அம்மாளும் வாரேன்னா, வல்ல. அண்ணன் கூப்புட்டா அவ என்னைக்கு வந்தா? கெடக்குது. பொரி வாங்கற எடத்துல ஒரு பந்தலு. கருமத்தம்பட்டி லட்சுமிநாராயணன் மொதலாளி இருக்காரல்ல, 'பட்டித்தங்கம்' மாட்டுத்தீவனம் போடறவரு, அவரு புது மூட்டைய அடுக்கி வெச்சு நோட்டீசு குடுத்துட்டிருந்தாரு. பாத்தா, மூட்டையில நம்ம மயிலையான் நிக்கறான்! பட்டிப் பொங்கலுக்கு நீ வந்து படம் போட்டயே, அதேதான். எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. பக்கத்துல நின்னவங்ககிட்ட எல்லாம், 'ஏனுங், இது என்ற காளைங்க. படம் போட்டது என்ற தங்கச்சி மகளுங்க'ன்னு சொல்லிப்போட்டேன். ஒருத்தரு எனக்குக் கலர் சோடா வாங்கிக் குடுத்தாரு.

அப்பறந்தான் உங்கத்தை நோட்டீசப் படிச்சா. அடியில பொடி எழுத்துல 'ஓவியம்: ஸ்ரீனிவாஸ், வடிவமைப்பு: நித்யஸ்ரீ'ன்னு இருக்குதாம். மறுக்கா படிக்கச் சொன்னேன். அதேதான்.

"ஓவியம்னா படந்தான?"ன்னேன்.

"ஆமாங்க."

"அப்ப வடிவமைப்புன்னா?"

"எனக்கென்னங்க தெரியும். அழகா அடுக்கி வெக்கறதாட்ட இருக்குது."

"அடுக்கறதுக்கு என்ற மருமக எதுக்கு? அவ படம் போடறவளாச்சே!"

யாரு கண்ணு அந்த ஸ்ரீனிவாசு? பட்டிப் பொங்கலுக்கு உன்ற கூட வந்தாரே தாடிக்காரரு, அவரா? அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துது. நீ போன வெச்சுட்டு அக்கட்டயும் இக்கட்டயும் போட்டோ எடுத்துட்டுத் திரிஞ்ச. அந்தாளு உன்ற படம் போடற அட்டைய மடியில வெச்சுட்டு, பொழுது சாயற வரைக்கும் மாட்டுக் கட்டுத்தரை ஓரத்துல உக்காந்திருந்தாரு. ஒரு வார்த்தை பேசல. பேசாம மாட்டப் பாக்கறவன நான் சந்தையில நெறையப் பாத்திருக்கறேன். அவன் வாங்க வந்தவனல்ல.

உன்ற படத்துக்கு அவன் பேரு எப்படி வந்துது? வெவரமா எழுது. ஒடம்பப் பாத்துக்கோ.

உன்ற மாமன்,
அங்கப்பன்

*

கோயம்புத்தூர்
29-3-2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். ஹாஸ்டல் சாம்பாரில் இப்போது பருப்பும் கிடைக்கிறது. மாமா காதுக்கு மருத்துவரைப் பார்த்தீர்களா?

மூட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டீர்கள் என்று படித்ததும் எனக்கும் சந்தோஷம். பெயர்களை அப்படிப் போடுவது எங்கள் விளம்பர அலுவலக வழக்கம்தான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லோரும் சேர்ந்து செய்த வேலை அது. ஸ்ரீனிவாஸ் அண்ணா நல்ல மனிதர். என்னுடையது எதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

மயிலையானின் குளம்பில் புண் இருந்ததே, ஆறிவிட்டதா? அத்தை போட்ட மஞ்சள் பற்று கேட்டதா? வேலை நிறைய இருப்பதால் இத்துடன் முடிக்கிறேன்.

அன்புடன்,
நித்யஸ்ரீ

*

காரமடை
6-4-2025

கண்ணு நித்யா, உன்ற கடுதாசி வந்துது. நீ சொகம்னு தெரிஞ்சுது. குளம்பு ஆறிப்போச்சு. காதுக்கு டாக்டரப் பாத்தேன், மிசினு வெக்கோணுமாம். வெச்சா உங்கத்தை பேசறதெல்லாம் கேக்குமேன்னு ரோசனை பண்ணிட்டிருக்கறேன்.

நான் கேட்டது, படத்துக்கு அவன் பேரு எப்படி வந்துதுன்னு. நீ சொன்னது, எல்லாரும் சேந்து செஞ்சோம்னு. சந்தையில 'மாட்டுக்கு எத்தன பல்லுங்'ன்னு கேட்டா, 'மாடு நல்லாத் தண்ணி குடிக்குமுங்க'ம்பான் யேவாரி. அப்ப பல்லுல என்னமோ இருக்குதுன்னு அர்த்தம். நீ எதையோ மென்னு முழுங்கற.

உன்ற கடுதாசியப் படிச்ச கையோட ஒரு மூட்டை வாங்கியாந்தேன். தீவனத்தக் கொட்டிப்போட்டு, சாக்க மயிலையானுக்குப் பக்கத்துல செவுத்துல ஆணியடிச்சு மாட்டுனேன். சாக்கப் பாக்கறேன், மாட்டப் பாக்கறேன். மாடு என்னையப் பாக்குது. அப்பறம் புடிச்சேன் பாரு!

மயிலையானுக்குக் கிளுவை வேலியில கிழிஞ்சது எடது காது. சாக்கு மாட்டுக்கு வலது காது கிழிஞ்சிருக்குது. அது போகட்டும். சுழி! மயிலையானுக்கு மயிர்ச்சுழி எடது தோள்ல. எடத்தோள் சுழி பட்டி பெருகற சுழி. அதுக்காவத்தான் அவனக் கன்னுலயே புடிச்சேன். சாக்கு மாட்டுக்கு அது வலது தோள்ல இருக்குது. வலத்தோள் சுழி நொகத்தடி தங்காத சுழி கண்ணு. அந்த மாட்ட சும்மா குடுத்தாலும் எங்க பக்கம் ஒருத்தன் கயித்தப் புடிக்கமாட்டான்.

இப்ப எனக்கு வெளங்கிப்போச்சு. நீ சரியாத்தான் போட்டிருப்ப. சின்னப் புள்ளையிலயே மாடு போட்டவ, உனக்கா தெரியாது? பள்ளிக்கூடத்துல நீ போட்ட காளைய இன்னமும் ஊட்டுல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கறேன். இந்தத் தாடிக்காரன் உன்ற படத்த எடுத்து ஒளிச்சுப்போட்டு, மாட்டயே பாக்காம மனசுல தோணுனத ஒண்ணப் போட்டு, தன்ற பேரையும் போட்டுட்டான்.

நான் சும்மா இருப்பனா? செவ்வாக்கெழம சந்தையில மாரப்பங்கிட்டச் சொன்னேன். "ஏப்பா, பட்டித்தங்கம் சாக்குல சுழிய உத்துப் பாத்தயா?"ன்னேன். பாத்தான். சாக்கு மேல உக்காந்திருந்தவன் பட்டுன்னு எந்திரிச்சுட்டான். பொறகு நான் ஒண்ணுஞ் சொல்ல வேண்டியிருக்கல. மாரப்பன் வாய் போதும், அதுக்கு மைக்செட்டே வேண்டாம்.

பயப்படாத. மாமன் இருக்கறேன். வெயில்ல அலையாத.

அங்கப்பன்

*

கோயம்புத்தூர்
2-5-2025

அன்புள்ள மாமா, அத்தைக்கு,

வணக்கம். நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும்.

மாமா, தயவு செய்து சந்தையில் இதைப் பற்றி இனிப் பேசாதீர்கள். கடைக்காரர்கள் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள். 'சுழி கெட்ட மாட்டுத் தீவனம்' என்று பெயராகிவிட்டதாம். ஒரு ஊரில் மூட்டையைப் படம் தெரியாமல் கவிழ்த்துப் போட்டு விற்கிறார்களாம். லட்சுமிநாராயணன் ஐயா போன வாரம் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"மாட்டப் பாத்துப் போட்டீங்களா, இல்ல மனசுல இருந்ததப் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஸ்ரீனிவாஸ் அண்ணா எதுவும் சொல்லவில்லை. இனி அவருக்கு அந்தத் தீவன மில் வேலை கிடையாது என்று முடிவானது. எங்கள் அலுவலகமும் இனி அவரைக் கூப்பிடுவது சந்தேகம்தான். அவர் எங்களிடம் மாதச் சம்பளத்தில் இருப்பவர் இல்லை. படம் கேட்டால் வரைந்து தருபவர். பெயர் கெட்டால் கேட்க ஆள் வராது.

எனக்குக் கொஞ்ச நாளாகத் தலைவலி. கணினித் திரையைப் பார்ப்பதால் இருக்கும். அத்தை உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

நித்யஸ்ரீ

*

காரமடை
9-5-2025

கண்ணு, தலைவலிக்குச் சுக்கு ஒரைச்சுப் பத்துப் போடு. இங்க எல்லாரும் சொகம். மழை ரெண்டு தூத்தல் போட்டுது, மண்ணு நனையல.

தாடிக்காரன் போனான்ல? போகட்டும். நாஞ் சொன்னா நீ 'நல்ல மனுசன்'னு எழுதுன. நல்ல மனுசனாட்ட மூஞ்சி இருக்கறவனத்தான் நான் மொதல்ல சந்தேகப்படுவேன். ஒருக்கா ஒருத்தன் சந்தைக்கு ஒரு மாட்டப் புடிச்சுட்டு வந்தான். நெத்தி நெறைய விபூதி. பேச்சுக்குப் பேச்சு சாமி பேரு. மாட்டுக்குக் கொம்பச் சீவி, எண்ணெ போட்டு, வயசக் கொறைச்சு நிறுத்தியிருந்தான். நான் வாயத் தொறந்து பல்லப் பாத்தேன். மாடு எனக்குத் தாத்தனாட்ட இருக்குது. "ஏனுங் சாமி, இது உங்க கல்யாணத்துக்கு வண்டியிழுத்த மாடுங்களா?"ன்னு கேட்டேன். அந்தால போனவன், அப்பறம் சந்தைப் பக்கமே வல்ல. அதுனால சொல்றேன், பல்லப் புடிச்சுப் பாக்காம நான் எதையும் நம்பமாட்டேன்.

அது சரி, ஒரு கேள்வி. மொதலாளி வந்து கேட்டப்ப அந்தாளு ஒண்ணுஞ் சொல்லலன்ன. திருடனா இருந்தா எகிறோணுமே. ஏன் எகிறல? அதையும் எழுது.

அங்கப்பன்

நித்யா, அத்தை எழுதுகிறேன். உங்க மாமா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கிறார். பட்டிப் பொங்கல் அன்னைக்குக் கட்டுத்தரைக்குக் காப்பி கொண்டு வந்தது நான். யார் கையில் பென்சில் இருந்தது என்று பார்த்தேன். நான் கொடுத்த காப்பி அவர் பக்கத்திலேயே ஆறிப்போய்க் கிடந்தது, பென்சிலைக் கீழே வைக்கவே இல்லை. உங்க மாமாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீ சொல்வாய் என்று பார்த்துக்கொண்டு இருக்கிறேன். சொல்லிவிடு அம்மணி.

*

கோயம்புத்தூர்
20-5-2025

மதிப்புக்குரிய அங்கப்பன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் ராசாத்தா அம்மாவும் நலம் என நம்புகிறேன். பொங்கலன்று தங்கள் வீட்டில் சாப்பிட்ட அவரைக்காய்ப் பொரியலை என் மனைவியிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் மாட்டைப் பார்க்காமல் வரைந்தேன் என்று சந்தையில் பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். என் தொழிலில் இதைவிடப் பெரிய பழி இல்லை. அன்று தங்கள் கட்டுத்தரையில் உட்கார்ந்து நான் வரைந்த படத்தை இத்துடன் அனுப்புகிறேன். இதுதான் என் கையால் போட்டது. நகல் இல்லை.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இதை மயிலையானுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். தவறு இருந்தால் எனக்கு எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன். மூட்டையில் அது எப்படி அப்படி ஆனது என்பதை நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவர் நான் இல்லை.

அம்மாவுக்கு என் வணக்கம்.

தங்கள்,
ஸ்ரீனிவாஸ்

*

காரமடை
26-5-2025

நித்யா,

நல்லா இருப்பேன்னு நெனைக்கறேன்.

தாடிக்காரர் படத்த அனுப்புனாரு. கட்டுத்தரைக்குக் கொண்டு போனேன். காது எடது காது. சுழி எடத்தோள்ல, கொஞ்சம் முன்னால தள்ளி, இருக்கற எடத்துலயே இருக்குது. மூக்கணாங்கயித்துல நான் போட்ட முடிச்சுக்கூட இருக்குது. அந்த முடிச்சு எனக்கும் எங்கப்பனுக்கும்தான் போடத் தெரியும். மாட்டப் பாக்காம அதப் போடமுடியாது.

உங்கத்தை சாக்க வெளிச்சத்துல புடிச்சு, பின்பக்கத்துல இருந்து பாக்கச் சொன்னா. பாத்தேன். பின்னால இருந்து பாத்தா சாக்கு மாடும் இந்தப் படமும் ஒண்ணு. சுழி எடத்தோளுக்கு வந்துருச்சு.

அப்ப படம் அவருது. திருப்புனது யாரு?

அங்கப்பன்

*

கோயம்புத்தூர்
17-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உடம்பு நலம். மனசுதான் சரியில்லை. இந்தக் கடிதத்தை எத்தனையோ முறை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

நான்தான் மாமா.

நான் படம் போடுகிறவள் இல்லை. கல்லூரிக்குப் போன முதல் வருடமே அது எனக்குத் தெரிந்துவிட்டது. என் கைக்கு மாடு வராது, மனிதனும் வராது. எனக்கு வந்தது வேறு வேலை. படம், பெயர், எழுத்து, நிறம் எல்லாவற்றையும் எது எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்து நிறுத்துவது. அத்தை சொன்னது சரி, அழகாக அடுக்குவது. அதோடு இன்னொன்றும் உண்டு. கடை முன்னால் வண்டியை நிறுத்தாமல் போகிற ஒரு ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். அது குறைந்த வேலை இல்லை. நான் அதை நன்றாகவே செய்கிறேன். ஆனால் நீங்கள் ஊரெல்லாம் 'படம் போடற புள்ள' என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு முறையும் 'இல்லை மாமா' என்று சொல்ல வாயெடுப்பேன். அந்தக் கண்ணாடி போட்ட காளையைப் பார்த்ததும் வாய் மூடிக்கொள்ளும்.

ஸ்ரீனிவாஸ் அண்ணா வரைந்த காளை இடது பக்கம் பார்த்து நின்றது. மூட்டையில் படம் இடப்பக்கம்தான் வர வேண்டும், அடுக்கும்போது அந்தப் பக்கம்தான் கண்ணுக்குத் தெரியும் என்று மில்லில் சொன்னார்கள். பெயர் வலப்பக்கம். அப்படி வைத்தால் காளை 'பட்டித்தங்கம்' என்ற பெயருக்கு வாலைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அது பெயரைப் பார்த்து நிற்க வேண்டும் என்று படத்தைத் திருப்பிவிட்டேன். கணினியில் ஒரு விரல் வேலை. சுழியும் காதும் கூடவே திரும்பும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் மாட்டைப் பார்த்தார், நான் மூட்டையைப் பார்த்தேன்.

திருப்புவதற்கு முன்னால் வரைந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பது எங்கள் தொழிலில் மரியாதை. கேட்டிருந்தால் அவர் அடுத்த பக்கமாகப் போய் உட்கார்ந்து இன்னொன்று வரைந்து கொடுத்திருப்பார். அவசரத்தில் நான் கேட்கவில்லை.

முதலாளி கேட்டபோது அவர் ஏன் எகிறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் என்னைப் பார்த்தார் மாமா. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கருமத்தம்பட்டிக்குப் போய்ச் சொல்லப் போகிறேன். என் வேலை இருக்குமா என்று தெரியாது. நீங்கள் முந்திக்கொண்டு எதுவும் சொல்லிவிடாதீர்கள். இதையாவது நானே சொல்கிறேன்.

அத்தையிடம், சொல்லிவிட்டேன் என்று சொல்லவும்.

நித்யஸ்ரீ

*

காரமடை
29-6-2025

ஏனுங் கண்ணு, சொகமா? சாப்புட்டயா? தலைவலி நின்னுதா? நாங்க சொகம். காதுக்கு மிசினு வாங்கல, வாங்கோணும்.

உன்ற கடுதாசிய உங்கத்தை படிச்சா. 'அத்தையிடம் சொல்லவும்'ங்கற எடம் வந்ததும் நிறுத்திப்போட்டு அடுப்படிக்குப் போயிட்டா. எனக்கு அப்பத்தான் ரோசனை வந்துது, இவளுக்கு முன்னயே தெரியும்னு. "ஏன்டி, தெரிஞ்சுதான் வெச்சிருந்தயா?"ன்னேன். "ஊருக்கே பல்லுப் பாக்கறவருக்கு நான் வேற சொல்லோணுங்களா"ன்னு கேக்கறா. அவ வாயில இருந்து வந்தத அவளே எழுதறா பாரு, சிரிச்சுட்டே எழுதறா.

பொறகு அந்தக் கண்ணாடி போட்ட படத்த எறக்குனேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டாந்து வெச்சுப் பாத்தேன். கண்ணு, அதுக்குக் காது ஆட்டுக் காது. சுழியே இல்ல. முன்னங்காலு ரெண்டும் ஒரே பக்கத்துல மொளைச்சிருக்குது. இத்தன வருசமா சோத்துக்கு உக்காரையில எல்லாம் அதப் பாத்துட்டுத்தான் உக்காருவேன். எவன் கொண்டாந்த மாட்டையும் வாயத் தொறக்காம உட்டவனில்ல நான். இத ஒருக்கா உத்துப் பாக்கல. நீ போட்டதுன்னு இருந்துட்டேன்.

மறுக்கா அதே ஆணியிலதான் மாட்டியிருக்கறேன். பக்கத்துல தாடிக்காரரு படத்துக்கு ஒரு ஆணி அடிச்சேன், ஆனா படத்த மாட்டல. அது அவரு கையில போய்ச் சேரோணும்.

சந்தைக்குப் போயி மாரப்பங்கிட்ட, "சுழி நல்ல சுழிதானப்பா. மாட்டுல தப்பில்ல, படம் போட்டவருமேலயும் தப்பில்ல. சாக்குலதான் பொரண்டு போச்சு"ன்னேன். "பொரட்டுனது யாருங்ண்ணா?"ன்னான். துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு வந்துட்டேன். முந்திக்க வேண்டாம்னு நீ சொன்னயல்ல. ஆனா இந்த வாய மூடறது இருக்குதே, மூக்கணாங்கயிறு போட்டாப்ல இருக்குது.

வெள்ளிக்கெழம போயிருச்சு. அடுத்த வெள்ளியும் போயிருச்சு. உன்ற கிட்ட இருந்து ஒரு தாக்கல் தகவலும் இல்ல. இப்பத்தான் எனக்கு மறுக்கா சந்தேகம் வருது. நீ கருமத்தம்பட்டிக்குப் போனயா, இல்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயித் திரும்பி வந்துட்டயா? போகலன்னா மாமன் உன்னைய வையமாட்டேன். ஆனா அந்த மனுசன் பொழப்பு...

வாசல்ல காரு நிக்குதாம். எனக்குக் கேக்கல, உங்கத்தைதான் சொல்றா. நீ எழுதறத நிறுத்தாத ராசாத்தா, சொல்லி முடிச்சர்றேன். லட்சுமிநாராயணன் மொதலாளியாம். "ஏனுங் அங்கப்பண்ணா, மயிலையானக் கொஞ்சம் அடுத்த பக்கமாத் திருப்பிக் கட்டறீங்களா"ன்னு கூப்படறாராம். அட, தாடிக்காரரு அட்டையத் தூக்கிட்டு ஏற்கெனவே கட்டுத்தரைக்குப் போயிட்டாரு! இருங்க சாமி, முட்டுவான், புது ஆளு வந்தா முட்டுவான்! வாரேனுங், இதா வாரேன். பின்னாடிக் கதவத் தொறந்துட்டு எறங்காம ஆரோ உக்காந்திருக்காங்களே, அது ஆரு ராசாத்தா? நித்யா, கண்ணு, நீ போனயான்னு கேக்கத்தான் இந்தக் கடுதாசியே போட ஆரம்பிச்சேன், இப்ப இத நான் எந்த அட்ரசுக்கு